ஆள் இல்லை என்று நான் எழுதிய பள்ளத்தாக்கு

புதிதாகச் சேர்ந்திருக்கிற ஐந்து பேரிடமும் வீடியோவில் கொஞ்சம் பேசுங்கள் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். எனக்குக் கேமராவைப் பார்த்துப் பேச வராது. என் மூக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதிலேயே கவனம் போய்விடும். அதனால் எழுதி அனுப்புகிறேன். டிரோனைப் பறக்கவிட்டு அது திரும்பி வருகிறவரை சும்மா நிற்பீர்கள் அல்லவா, அப்போது படித்தாலும் போதும்.

கருவிகளைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் முதுகில் சுமந்து அலைந்த கருவியை இன்று மியூசியத்தில்கூட வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அந்த வேலையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரு படிவத்தில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியைப் பற்றி.

நான் சிவகங்கைப் பக்கத்து ஆள். வளைகுடாவுக்கு வந்து முதல் பத்தொன்பது வருஷம் கல்குவாரிகளுக்குத்தான் அளந்தேன். மலைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் போய், இத்தனை லாரி கல் தேறும் என்று கணக்குச் சொல்கிறவன் நான். வேலையில் கெட்டிக்காரன் என்று பேரும் இருந்தது. ஒரு குவாரியில் தூரத்து மலை உச்சி ஒன்றை அடையாளமாக வைத்து இரண்டு வருஷம் அளந்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலை கருவியில் கண் வைத்தால் உச்சியைக் காணோம். பக்கத்துக் கம்பெனிக்காரன் அதைச் சாப்பிட்டுவிட்டான். அன்றைக்குச் சிரித்தேன். கேம்ப் ரூமுக்கு வந்து படுத்தபிறகு சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம்தான் சுற்றுச்சூழல் ஆய்வு செய்கிற இந்த ஆபீசுக்கு வந்தேன். அப்போது ஆபீஸ் ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு டயர் கடைக்கு மேல் இருந்தது. அறிக்கையில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ரப்பர் வாசனை வரும். வெள்ளிக்கிழமை நாலைந்து பேர் சேர்ந்து துபாய் தேராவுக்குப் போய், படகில் அக்கரைக்கும் இக்கரைக்கும் சும்மா போய் வருவோம். இப்போது திருச்சியில் பால்கனியில் உட்கார்ந்திருக்கும்போது அந்த டயர் வாசனைக்கு ஏங்குகிறேன். சொன்னால் மனைவி சிரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வடக்கே மலைத்தொடரில் ஒரு பள்ளத்தாக்கு. எந்த எமிரேட், என்ன பெயர் என்று எழுதவில்லை, தேவையும் இல்லை. கடைசித் தார்ச்சாலையிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம், பிறகு நடைதான். இருபுறமும் செங்குத்தான பாறை. சில இடத்தில் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். உள்ளே போகப் போகச் சுனைகள், சுனையில் விரல் நீள மீன்கள், பாறை வெடிப்பில் காட்டத்தி. மேலே விளிம்பில் நம் நீலகிரி வரையாட்டின் சொந்தக்கார ஆடு ஒன்று நின்று, இவன் யார் புதிதாக என்று பார்க்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பள்ளத்தாக்கின் வாயில் குவாரி போட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. கடற்கரை நகரத்தில் இருந்த உள்ளூர் இளைஞர்கள் சிலர், வார இறுதியில் மலையேறுகிறவர்கள், அது கூடாது, இடத்தை இயற்கைக் காப்பிடமாக அறிவிக்க வேண்டும் என்று அந்த எமிரேட்டின் ஆலோசனை மன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். மன்றம் ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. குழு பரிந்துரைத்தால் மேலே சட்டமாகும். இல்லாவிட்டால் வெடி. மனுவோடு வைக்க ஓர் ஆய்வறிக்கை வேண்டும் என்று இளைஞர்கள் எங்களிடம் வந்தார்கள்.

அறிக்கை எழுதுகிற பொறுப்பு எங்கள் டாக்டருக்கு. தாவரங்களில் டாக்டர் பட்டம் வாங்கிய யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பெயரைப் போட்டால் போனில் கூப்பிட்டுத் திட்டுவார், அதனால் போடவில்லை. அளவெடுக்கிற பொறுப்பு எனக்கு. கூட டிரைவர் கான் பாய், பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். நல்ல குளிர்காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் நாலு நாள் கணக்கில் உள்ளே போனோம்.

மூன்றாம் நாள் பிற்பகல். குறுகலான இடத்தில் கருவியை நிறுத்தி அளந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. திடீரென்று மேலே பாறைத் திட்டில் ஒரு பெரியவர் நின்று கையை வீசிக் கத்தினார். மேலே ஏறச் சொல்கிறார் என்பது புரிந்தது. அவர் இடத்தில் நிற்கிறோம், விரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நிமிஷம், முடித்துவிடுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடியும் குனிந்தேன். மனிதர் விறுவிறுவென்று இறங்கி வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, கருவியை அதன் மூன்று கால்களோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார். கருவியைத் திருடிக்கொண்டு போகிறான் என்று கத்திக்கொண்டே நானும் கான் பாயும் பின்னால் ஏறினோம். இரண்டு ஆள் உயரம் ஏறியிருப்போம். பின்னால் பெரிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நான் நின்ற இடத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர், அதில் ஒரு முழு மரம் உருண்டு போகிறது. மழை எங்கேயோ பின்மலையில் பெய்திருக்கிறது.

மறுநாள் காலைவரை தண்ணீர் வடியவில்லை. பாறைத் திட்டின் மேல் அவருடைய கல்வீடு, அதற்குக் கீழே படிப்படியாகக் கல் அடுக்கி மண் நிரப்பிய சிறிய வயல்கள், ஆட்டுப்பட்டி ஒன்று. எங்களை முற்றத்துக் கம்பளத்தில் உட்காரவைத்து, ரொட்டியும் மலைத்தேனும் கொடுத்து, கஹ்வா என்கிற அவர்கள் காப்பியை ஊற்றிக்கொண்டே இருந்தார். போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கான் பாய் நன்றி மிகுதியில் ஆட்ட மறந்து ஒன்பது கோப்பை குடித்தார். உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து வீட்டம்மாவின் குரல் மட்டும் வந்தது. உங்கள் ஊரில் ஆறு உண்டா, அதில் தண்ணீர் ஓடுமா என்று கேட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். எங்கள் ஊர் ஆற்றிலும் மழை பெய்தால்தான் தண்ணீர் என்றதும் உள்ளே சிரித்த சத்தம் கேட்டது.

கிளம்பும்போது பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். உள்ளே குடும்பம் இருக்கிறது, வீட்டைப் படம் எடுக்காதே என்றார். நெஞ்சில் கைவைத்துச் சரி என்றேன்.

இங்கேதான் என் தப்பு. வளைகுடாவுக்கு வந்த முதல் நாளே கேம்ப்பில் பழைய ஆட்கள் நமக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன? அரபி வீட்டுப் பக்கம் கேமராவைத் திருப்பாதே. பெண்கள் இருக்கிற திசையைப் பார்க்காதே. அவர்கள் சமாச்சாரம் எதிலும் நம் பேர் வரக்கூடாது. நல்ல புத்திதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருஷம் அப்படியே பழகினால் ஒரு வீடு கண்ணில் பட்டதும் தலை தானாகத் திரும்பிவிடும். என் எழுதுகிற கையும் திரும்பிவிட்டது. படிவத்தில் மனிதப் பயன்பாடு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'காணப்படவில்லை' என்று எழுதினேன். வரைபடத்தில் வீடும் இல்லை, வயலும் இல்லை, பட்டியும் இல்லை. எழுதும்போது கான் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "புட்டே மியான் எங்கே பாய்?" என்றார், பெரியவரைத்தான் அப்படிச் சொன்னார். அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்றேன். கான் பாய் ஜீப்பை எடுத்தார்.

சாமர்த்தியமும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது, அதையும் மறைக்கக் கூடாது. ஆளே இல்லாத காடு என்றால் மன்றத்துக்காரர்கள் சட்டென்று காப்பாற்றிவிடுவார்கள், ஆள் இருந்தால் ஆயிரம் சிக்கல் என்று நினைத்தேன்.

டாக்டர் விடவில்லை. படிவத்தைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கே வந்து, "அண்ணை, நாலு நாளும் அங்கை ஒரு மனிசரையும் நீங்கள் காணேல்லையோ?" என்று கேட்டார். "அந்தப் பாறைக்குள்ள யாரு டாக்டர் இருக்கப்போறா" என்றேன். என் வாயால் சொன்னேன். அவர் என்னை நம்பினார். மனிதச் சுவடே படாத நிலம் என்று அழகாக எழுதினார். அதை வைத்து இளைஞர்கள் கடுமையான ஒரு விதியையும் கேட்டார்கள். மனிதரோ கால்நடையோ உள்ளே நுழையக் கூடாது, வாயில் வேலி போட்டுக் காவல் வைக்க வேண்டும் என்று. யாருமே இல்லாத இடத்தில் வேலி போட்டால் யாருக்கு நஷ்டம்?

விசாரணை நாள் வந்தது. பெரிய கூடம், ஏழு உறுப்பினர்கள், நடுவில் குழுத் தலைவர். டாக்டர் முன்னால் உட்கார்ந்து பேசினார். நான் பின்வரிசையில் லேப்டாப்பில் வரைபடங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வரையாட்டின் படம் வந்ததும் உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நன்றாகத்தான் போனது.

பிறகு குவாரிக் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். சத்தம் போடவே இல்லை. எங்கள் அறிக்கையைக் கையில் எடுத்து, அதில் என் வரியைத்தான் வாசித்தார். ஆள் இல்லை, பயன்பாடு இல்லை என்று இவர்களே சொல்கிறார்கள். யாருக்கும் பயன்படாத கல், நாட்டின் சாலைக்கும் துறைமுகத்துக்கும் பயன்படட்டுமே, நாலு ஆட்டுக்காக ஒரு மலையைப் பூட்டி வைக்க வேண்டுமா என்று கேட்டார். மூன்று நான்கு தலைகள் ஆமாம் என்று அசைந்ததைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். தலைவர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே, என் தகப்பனார் காலத்தில் அங்கே ஆட்கள் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போது யாரும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் டாக்டர். என் வார்த்தையை நம்பிச் சொன்னார். தொழுகைக்குப் பிறகு முடிவெடுக்கலாம் என்று கூட்டத்தைக் கலைத்தார்கள்.

குவாரி ஜெயித்தால் பெரியவர் வீட்டுக்குக் கீழே வெடி வைப்பார்கள். நாங்கள் ஜெயித்தால் அவர் வீட்டுக்கு முன்னால் வேலி போடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் என் உயிரைக் காப்பாற்றிய மனிதர் வெளியே. இதற்குக் காரணம் என் பேனா.

வராண்டாவில் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளம் வந்ததையும் சேர்த்து. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இப்ப சொன்னால் முழு அறிக்கையையும் தூக்கி எறிஞ்சிடுவினம்," என்றார். "சொல்லாட்டில் அந்த மனிசனையும் மனிசியையும் வெளியில விட்டிட்டு நாங்களே பூட்டுப் போட்டதாப் போயிடும்." பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கட ஊரையும் இப்பிடித்தான் அண்ணை ஆமிக்காரர் ஒரு படத்தில ஆக்கள் இல்லாத இடம் எண்டு கீறி வேலி அடிச்சவை. எங்கட அம்மா எத்தினை வருசமா அந்த வேலிக்கு வெளியில நிண்டு தன்ர கிணத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டவ தெரியுமே?"

எட்டு வருஷம் ஒரே ஆபீசில் இருந்திருக்கிறோம், அவர் இதை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வராண்டாவில் ஒரு சர்வேயர் அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

"நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?" என்று கேட்டார்.

"நானே சொல்றேன் டாக்டர்."

கூட்டம் மறுபடியும் கூடியதும் பின்வரிசையில் எழுந்து நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. என் அரபி குவாரியில் லாரி டிரைவர்களிடம் கற்ற அரபி, அதை மன்றத்தில் பேச வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதில்தான் சொன்னேன். அங்கே ஒருவர் இருக்கிறார், அவர் மனைவி இருக்கிறார், வயல் இருக்கிறது. வெள்ளத்திலிருந்து எங்களை மேலே ஏற்றினார். அவர் வீட்டில் சாப்பிட்டேன். ஆனால் எழுதவில்லை. அளந்தவன் நான், தப்பு என்னுடையது, எங்கள் டாக்டரிடம் நான் பொய் சொன்னேன்.

வக்கீல் சும்மா இருப்பாரா? ஒரு வீட்டையே விட்டவர்கள் சுனையையும் மீனையும் ஒழுங்காக எண்ணியிருப்பார்கள் என்று எப்படி நம்புவது, அறிக்கையைத் தள்ளுபடி செய்யுங்கள் என்றார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

தலைவர் என்னைப் பார்த்து ஏன் எழுதவில்லை என்று கேட்டார். குடும்பம் இருக்கிறது, படம் எடுக்காதே என்று அவர் சொன்னார், அதனால் என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வீட்டைப் படம் எடுக்காதே என்று சொன்னார். வீட்டை அழித்துவிடு என்றா சொன்னார்?"

அறிக்கையை அவர் தள்ளுபடி செய்யவில்லை, ஏற்கவும் இல்லை. ஒரு மாதம் தருகிறேன், போய்ப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று ஒத்திவைத்தார்.

அன்று மாலை முதலாளி கூப்பிட்டார். சபையில் எழுந்து நின்று கம்பெனியின் மானத்தை வாங்கிவிட்டாய், இந்த ஒரு மாதத்தில் காரியம் நடக்காவிட்டால் கலாஸ், கதை முடிந்தது, ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றார். ஊரில் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். போனில் வீட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரும் நானும் கான் பாயும் மறுபடியும் போனோம். இந்த முறை நான் கருவியை எடுக்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து பெரியவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு உங்களை எழுதலாமா என்று கேட்டேன். எழுதினால் என்ன ஆகும் என்றார். தெரியவில்லை, எழுதாமல் விட்டதில் என்ன ஆனது என்று மட்டும் தெரியும் என்றேன். யோசித்துவிட்டு எழுது என்றார். ஆடு எத்தனை என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. ஆட்டை எண்ணினால் கண் படுமாம். சில ஆடுகள் என்று எழுதச் சொன்னார். கணக்கில் கறாரான எங்கள் டாக்டர் மறுபேச்சில்லாமல் 'சில' என்று எழுதியதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு டாக்டர் திரைக்குப் பின்னால் உள்ளே போனார். போனவர் வரவே இல்லை. நாங்கள் வெளியே கஹ்வா குடித்துக் குடித்து வயிறு நிறைந்துவிட்டது, கான் பாய் இந்த முறை கோப்பையை ஒழுங்காக ஆட்டினார். மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தார். வயல் அந்த அம்மாவுடையதாம், அவர் தகப்பன் வழியில் வந்தது. எந்த வறட்சியிலும் வற்றாத சுனைகள் எவை, கோடையில் வரையாடு எங்கே தண்ணீர் குடிக்க இறங்கும், எந்தச் செடி எந்த வெடிப்பில் என்று அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் நாலு நாளில் அளந்ததைவிட அதிகம். நாங்கள் எதைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோமோ, அந்தத் திரைக்குப் பின்னால்தான் அறிக்கையின் பாதி இருந்தது.

அதில் ஒரு விஷயம் டாக்டரைப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா சிறு பெண்ணாக இருந்தபோது, அவர் தகப்பன் பள்ளத்தாக்கின் வாயருகே இருக்கிற ஒரு சுனையில் ஒரு கூடை உமியைக் கொட்டினாராம். சில நாளில் அந்த உமி மலைக்குக் கீழே இருக்கிற கிராமத்து வாய்க்காலில் மிதந்து வந்ததாம். பாறைக்குள்ளேயே தண்ணீருக்கு வழி இருக்கிறது. குவாரிக்காரர்கள் வெடி வைக்கப்போவது சரியாக அந்த வழியின் தலைமேல்.

இதை நிரூபிக்கத் தீங்கில்லாத பச்சைச் சாயம் ஒன்றைச் சுனையில் கலந்தோம். தண்ணீர்த் தடம் பார்க்க நம் தொழிலில் வழக்கமாகக் கலப்பதுதான். கிராமத்து விவசாயிகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள் அல்லவா, ஒன்றை மறந்துவிட்டோம். அந்த வாய்க்கால் தோட்டத்துக்குப் போவதற்கு முன்னால் பள்ளிவாசலுக்குப் போகிறது.

நாலாம் நாள் கிராமத்திலிருந்து போன் வந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற தண்ணீர் பச்சையாக வருகிறது, யார் வேலை இது என்று. நானும் டாக்டரும் கான் பாயும் யல்லா என்று ஓடினோம். பள்ளிவாசல் வாசலில் நாற்பது பேர் நின்றார்கள், சிலருடைய வெள்ளைக் கந்தூரா அங்கியில் கைப்பகுதி இளம்பச்சை. திட்டு வாங்கினோம். நியாயமான திட்டு, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டோம். எல்லாம் அடங்கியபிறகு டாக்டர் எங்கே கலந்தோம், ஏன் கலந்தோம் என்று விளக்கினார். கூட்டத்தில் ஒருவர், பேரீச்சந்தோட்டக்காரர், தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார், "அங்கே வெடி வைத்தால் அந்தத் தூளும் இங்கேதான் வருமா?" வரும், அல்லது தண்ணீரே வராமல் போகும் என்றார் டாக்டர். அதற்குப்பின் எங்களைத் திட்ட யாருக்கும் நேரம் இல்லை.

அடுத்த விசாரணைக்கு நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே அந்தக் கிராமத்து ஆட்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். தோட்டக்காரர் துவைக்காத அதே கந்தூராவோடு எழுந்து நின்று, கையை நீட்டி உறுப்பினர்களுக்குக் காட்டினார். வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார், தலைவர் உட்காரச் சொன்னார். ஏழு பேரில் ஆறு பேர் காப்பிடம் என்றார்கள். வேலியும் நுழைவுத் தடையும் வெளியாட்களுக்கு மட்டும், அங்கே வாழ்கிறவர்களுக்கும் அவர்கள் வாரிசுக்கும் ஆடுகளுக்கும் கிடையாது என்று தனியாக ஒரு விதி எழுதினார்கள். அடுத்த குளிர்காலத்தில் அது சட்டமானது. முதலாளி எனக்கு டிக்கெட் எடுக்கவில்லை. ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தார்.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிற கடைசி வாரத்தில் கான் பாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒருமுறை போனேன். பெரியவர் அதற்கு முந்தைய வருஷமே காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று. வாயில் வேலி, கேட், சின்னக் காவல் அறை. காவலுக்கு ஒரு பங்களாதேஷ்காரர், ரொம்ப மரியாதையான மனிதர். பெயர்ப் பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு, லிஸ்ட்டில் உங்கள் பெயர் இல்லையே பாய் என்றார். விதி எனக்கும் தெரியும் அல்லவா? அந்த விதி வருவதற்கு நானும் ஒரு காரணம் என்று அவரிடம் சொல்ல முடியுமா? சரி என்று ஜீப்பில் ஏறப்போனேன்.

உள்ளேயிருந்து ஆடுகளோடு ஓர் அம்மா இறங்கி வந்தார். காவலறையில் இறக்கி வைத்திருந்த மாவு மூட்டையை எடுத்துப்போக வந்திருக்கிறார். முகத்தில் பழைய காலத்து அரபுப் பெண்கள் போடுகிற முகமூடி. நான் பழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டேன். உங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டார். குரலைக் கேட்டதும் யார் என்று தெரிந்துவிட்டது. இந்த வருஷம் வந்தது என்றேன். பெரியவருக்காக நெஞ்சில் கைவைத்தேன், அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

காவலாளி நோட்டைக் காட்டி, யார் இவர், என்னவென்று எழுதி உள்ளே விடுவது என்று சைகையில் கேட்டார். முப்பது வருஷம் அந்த நாட்டில் இருந்திருக்கிறேன். எத்தனை தாளில் என்னைப் பற்றி எழுதியிருப்பார்கள், தொழிலாளி, சர்வேயர், இன்னாருடைய விசாவில் இருப்பவன் என்று. அந்த அம்மா மாவு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, என் பக்கம் கையைக் காட்டினார்.

"என் விருந்தாளி," என்றார். "எழுது."